விசாரிக்க வந்தவர்களிடம் நான் சொன்னது

திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிரஸ் இருக்கிறது. பிரஸ் என்பது போர்டில் மட்டும்தான். இப்போது பாதி ஃபிளெக்ஸ், மீதி ஜெராக்ஸ். ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வாசகம் எழுத என்னிடம்தான் வருவார்கள். "நீங்களே நல்லதா நாலு வரி போட்டு விட்டுருங்க" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். முப்பது வருஷமாக அடுத்தவர்களுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தே பிழைக்கிறவன். எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று எனக்குத் தெரியும் என்கிற திமிர் எனக்குப் போன தை மாதம் வரைக்கும் இருந்தது.

அந்தத் திமிரைக் கொஞ்சம் காட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். இருந்த இடத்தை விட்டுப் போனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு மூட்டைச் சொற்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போய், பிறகு ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள் சிலோன்காரர்கள். கப்பலில் திரும்பியவர்கள் பர்மாக்காரர்கள். இரண்டு பேருக்கும் அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். சண்டைக்குப் பயந்து படகேறி வந்தவர்கள் அகதிகள். அதே சண்டைக்குப் பயந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் விமானம் ஏறியவர்கள் புலம்பெயர்ந்த தமிழர்கள். அவர்களை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போடுவோம். எங்கள் ஊர்ப் பையன் திருப்பூருக்குப் போனால் பிழைக்கப் போனவன். பீகார்ப் பையன் எங்கள் ஊர் ஓட்டலுக்கு வந்தால் இந்திக்காரன். இதையெல்லாம் நான் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அகதி என்ற சொல்லையே தமிழில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கியிருக்கிறேன். அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் மாற்றிய பிறகு, முகாமில் இருந்து நோட்டீஸ் அடிக்க வந்தவர்களிடம், "இனிமே அகதின்னு போடக் கூடாதுப்பா" என்று நானே திருத்திக் கொடுத்தேன். அவர்களுக்கே தெரியாததை நான் சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

அந்த முகாம் எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போகிற தூரம். அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெயிண்ட் அடிக்கிறவர்கள். என் பிரஸ்ஸுக்கும் வீட்டுக்கும் பதினாறு வருஷமாக ஒருவர்தான் பெயிண்ட் அடித்தார். அவரைப் பெயிண்டர் என்றே சொல்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பதின்மூன்று வயதில் அப்பா அம்மாவோடு கடல் தாண்டி வந்தவர். எங்களோடு பேசும்போது எங்களை மாதிரியே "வாரேங்க, போறேங்க" என்பார். வீட்டில் இருந்து போன் வந்தால், "ஓம், ஓம், வாறன்" என்று இலங்கைத் தமிழுக்குக் குரலே மாறிவிடும். வேலையில் அவ்வளவு சுத்தம். சுவரைத் தேய்க்காமல் பட்டி பூச மாட்டார். தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் தன் துண்டை எடுத்துத் துடைப்பார். என் மனைவி வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு மூன்று நாள் மதுரையில் போய் இருந்திருக்கிறாள்.

மாதத்தில் சில நாள், "இன்னைக்கு செக்கிங்ண்ணே" என்று வேலைக்கு வர மாட்டார். முகாமில் எல்லோரும் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் பார்க்க வரும் நாள் அது. நரைத்த மீசையோடு அந்த மனுஷர் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். நான் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன். வருத்தப்பட்ட கையோடு, "அப்ப நாளைக்கு வந்துருவீங்கள்ல? மேல் ரூம் அப்படியே கெடக்கு" என்றும் கேட்டிருக்கிறேன்.

என் போனில் அவர் பெயர் கேம்ப் பெயிண்டர். வீட்டிலும், "கேம்ப்காரர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்போம். அவர் காதில் விழும்படியேதான். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. கேம்பில் இருக்கிறவரைக் கேம்ப்காரர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு அகதி என்ற சொல் எப்படிச் சுடும் என்று தெரியாது என்றும் தப்பிக்க முடியாது. புயல் அடித்த வருஷம் என் வீட்டு மாடியில் போட்டிருந்த ஷீட் பறந்து, முன்பக்கச் சுவர் விழுந்து, நானும் மனைவியும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். மூன்றாம் நாள் ஒரு டிவிக்காரப் பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, நாங்கள் சொந்த ஊரிலேயே அகதிகளாக நிற்கிறோம் என்று உருக்கமாகப் பேச ஆரம்பித்தான். எனக்கு வந்ததே கோபம். "யாருடா அகதி? எனக்குப் பட்டா இருக்குடா" என்று அவன் மைக்கைப் பிடுங்கப் போனேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

அன்று எங்களுக்குச் சாப்பாடு முகாமில் இருந்துதான் வந்தது. அங்கேயும் கூரைகள் பறந்திருந்தன. இருந்தும் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் செய்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பெயிண்டரும் வந்திருந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வரிசையில் நிற்கப் போனபோது, "வரிசையெல்லாம் வேணாம்ண்ணே. இப்படி உக்காருங்க, நாங்க கொண்டாந்து வைக்கிறோம்" என்றார். அப்படியே எல்லோரையும் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். டிவிக்காரப் பையனிடம் நான் கத்தியபோது பெயிண்டர் வாசலில்தான் நின்றிருந்தார் என்று பிறகு மனைவி சொன்னாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயிண்டருக்கு ஒரே மகள். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்க்கிற ஒரு பையன், கட்டுமாவடிக்காரன், அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். இரண்டு வருஷப் பழக்கம். அவளுக்கும் இஷ்டம். பையன் வீட்டில் அப்பாவுக்கு முக்கால் சம்மதம். தாய்மாமனுக்குத்தான் துளியும் பிடிக்கவில்லை. கடைசியில், பெண் வீட்டைப் பற்றி விசாரிப்போம், நல்லபடியாக வந்தால் பேசி முடிப்போம் என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

விசாரிப்பது என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. ஜாதகம் பத்துப் பொருத்தமும் பொருந்தி வந்திருக்கும். டீக்கடையில் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தையில் கல்யாணம் நின்றுபோயிருக்கும். கெடுக்க நினைக்கிறவன் திட்ட வேண்டும் என்பதுகூட இல்லை. "ம்ம்... நல்ல குடும்பந்தான்" என்று கொஞ்சம் இழுத்துச் சொன்னால் போதும். வந்தவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியான நேரத்தில் பெயிண்டர் பிரஸ்ஸுக்கு வந்தார். வேலை உடுப்பு இல்லாமல், சலவைச் சட்டையில் வந்திருந்தார்.

"அண்ணே, மாப்பிள்ளை வீட்லேருந்து ஒங்களைப் பாக்க வருவாங்க. நான்தான் ஒங்க கடையைச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"வரட்டுமே. அதுக்கென்ன?"

"எதையும் மறைக்க வேணாம்ண்ணே. முகாம்னு அவங்களுக்குத் தெரியும். நாங்க எப்படிப்பட்ட ஆளுக, ஒங்களுக்கு எங்களை எத்தனை வருசமாத் தெரியும், அதைச் சொன்னாப் போதும். பிள்ளை ரொம்ப ஆசைப்படுது."

"இதையெல்லாம் நீங்க சொல்லணுமா? நான் பாத்துக்கிறேன், போங்க" என்று அவர் தோளைத் தட்டி அனுப்பினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயில் இருந்து வரும் சொல்லில் இருக்கிறது என்பது யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

நாலைந்து நாள் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். பையனின் அப்பாவும் தாய்மாமனும். அப்பா மெலிந்தவர், கட்டுமாவடியில் மீன் ஏலக்காரர். மாமன்காரர் உட்காரும்போதே கடையைச் சுற்றிப் பார்த்தார். நான் டீ சொன்னேன். மனைவி உள்ளே பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆளு எப்படிங்க?" என்று அப்பா கேட்டார்.

பதினாறு வருஷப் பழக்கம். சாவியைக் கொடுத்தது இருக்கிறது, துண்டால் தரையைத் துடைத்தது இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பரிமாறியது இருக்கிறது. அதில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை.

"தங்கமான மனுசங்க. பாவம், என்ன செய்யிறது, அகதி. எல்லாத்தையும் விட்டுட்டு வந்ததுங்க. நம்மளை மாதிரி ஆளுகதான் பாத்து ஏதாச்சும் செய்யணும்" என்றேன்.

"நீங்க என்ன செய்வீங்க?" என்று மாமன்காரர் கேட்டார்.

அவர் கேட்டதில் இருந்த ஊசி எனக்கு உறைக்கவில்லை. தீபாவளிக்குப் பழைய துணி கொடுப்பது, பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தது, தெரிந்த இடத்தில் வேலை சொல்லிவிடுவது என்று என் தர்மங்களை அடுக்கினேன். பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு எப்படி?" என்றார் அப்பா.

"நல்ல பொண்ணுங்க. அடக்கமான பொண்ணு. பாத்தா அகதிப் பிள்ளைன்னே சொல்ல முடியாது."

அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை. நல்லதாக நாலு வரி போட்டுவிட்ட திருப்திதான் இருந்தது.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இலங்கையில அவங்களுக்கு எந்த ஊருங்க? எங்க பக்கத்துலேருந்து அந்தக் காலத்துல அங்கிட்டுப் போக வர இருந்த ஆளுக உண்டு. ஊரைச் சொன்னா, எங்க ஆளுகளுக்குத் தெரிஞ்ச குடும்பமாக்கூட இருக்கும்" என்றார். அவர் ஆசையோடு கேட்டார். மச்சினனின் வாயை அடைக்க அவருக்கு ஒரு பிடி தேவைப்பட்டது.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரைக் கேட்போம். ராங் நம்பரில் வந்தவரைக்கூட, அது எந்த ஊருங்க என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்போம். பதினாறு வருஷம் என் வீட்டுச் சுவர் முழுக்கக் கை வைத்தவரிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. கேம்ப் என்று ஒரு சொல் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. தெரியாதுங்க, கேட்டுச் சொல்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சிரித்தேன்.

"அகதிங்கதானேங்க. எந்த ஊரா இருந்தா என்ன? இனிமே அங்கிட்டுப் போகவா போறாக?"

மாமன்காரர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா மச்சான்?" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் என் வாய் நிற்கவில்லை. "நீங்க அந்தப் பொண்ணை எடுத்துக்கிட்டா ஒங்களுக்குப் பெரிய புண்ணியம்" என்றேன்.

"புண்ணியத்துக்குக் கோயில் குளத்துக்குப் போகலாங்க. அதுக்குன்னு யாரும் பொண்ணு எடுக்கிறதில்ல" என்று சொல்லி மாமன்காரர் எழுந்துவிட்டார். அப்பாவும் எழுந்தார். டீயைப் பாதிகூடக் குடிக்கவில்லை.

அவர்கள் போனதும் மனைவி வெளியே வந்தாள். கையெல்லாம் மஞ்சள்.

"எதுக்குங்க வார்த்தைக்கு வார்த்தை அகதி அகதின்னீங்க? அந்தப் புள்ள படிச்சதைச் சொல்லலை. அவரை நம்பி வீட்டை விட்டுட்டுப் போனோமே, அதைச் சொல்லலை."

"அவங்களுக்குத் தெரிஞ்சதைத்தானடி சொன்னேன். ஒனக்கு என்ன தெரியும், உள்ள போ" என்று கத்தினேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அடுத்த வாரம் பெயிண்டர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவங்க வேணாம்னுட்டாங்கண்ணே" என்றார். பிறகு, "ஒங்ககிட்ட என்ன கேட்டாங்கண்ணே? நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் சந்தேகம் ஏதும் இல்லை. எங்கே தவறிப்போனது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலில் விழ வேண்டாம். என் வாயால்தான் கெட்டது என்று ஒரு வரி போதும்.

"நான் நல்லதாத்தான் சொன்னேன். அந்த மாமன்காரன் மூஞ்சியே சரியில்ல. பேப்பர் கீப்பர் இல்லைன்னு யோசிச்சிருப்பாங்க" என்றேன்.

"ஓம்" என்றார். எங்களிடம் பேசும்போது அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு, "சரிண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேப்பரை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் எடுக்க முடியாது, எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன்தான் யோசிக்க மாட்டான்? அதற்கு நானா பொறுப்பு? மனைவியிடம் இதைச் சொன்னேன். பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் சொன்னேன். குளிக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி மட்டும் ஒருநாள், "யாரு ஒங்களைக் கேட்டா?" என்றாள். அதோடு நானும் நிறுத்திக்கொண்டேன்.

பங்குனி மாதம் ஒரு காலையில் அந்தப் பெண் பிரஸ்ஸுக்கு வந்தாள். சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றாள். திருச்சியில் வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடுகிறாளாம். பழைய இடத்தில் அந்தப் பையன் இருக்கிறான். தினமும் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கே விளங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆள் பாதியாகியிருந்தாள்.

எடுத்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்லாமல் என்னால் இருக்க முடியாதே.

"பேப்பர் இல்லாததால இப்படி ஆகிப்போச்சேம்மா. என்ன செய்யிறது, அகதியாப் பொறந்துட்டா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் பொறந்தது புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியிலங்க" என்றாள்.

நான் மெஷினுக்குள் அடுத்த பேப்பரை வைத்தேன். கோணலாக விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தேன்.

"பேப்பர் விசயம் அவங்களுக்கு மொதல்லயே தெரியும். வக்கீல்கிட்டக் கேட்டு வச்சிருந்தாங்க. அதனால ஒண்ணும் நிக்கலை" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எதிர்த்துப் பேச ஒரு வழி கிடைத்திருக்கும். "நீங்க இங்க பேசினதை அவங்க அப்பா வீட்ல போய்ச் சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டுட்டு அவர் ஆஸ்பத்திரியில என்கிட்டச் சொன்னார். எல்லாத்தையும் சொன்னார்."

"நான் நல்ல எண்ணத்துலதாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"இங்க ஒங்களுக்குச் சொந்தம்னு யாரு இருக்கா, பேச்சு வார்த்தைக்கு யாரு முன்ன வந்து உக்காருவான்னு அவங்க வீட்ல அப்பாகிட்டக் கேட்டாங்களாம். திருமயத்துல எங்க அண்ணன் இருக்காரு, எல்லாம் அவருதான் நின்னு செய்வாருன்னு அப்பா சொல்லியிருக்கு. ஒங்ககிட்ட அதைச் சொல்றதுக்கு அப்பாவுக்குக் கூச்சம். அதான் விசாரிக்க வருவாங்கன்னு சொல்லிட்டு வந்துருச்சு. அவங்க விசாரிக்க வரலைங்க. என்னோட பெரியப்பாவைப் பாக்க வந்தாங்க."

மெஷின் நின்றது. அவளே குனிந்து பேப்பர்களை எடுத்து, ஒரிஜினலைத் தனியாகவும் நகலைத் தனியாகவும் அடுக்கிப் பைக்குள் வைத்தாள். என்னால் கண்ணைத் தூக்கி அவளைப் பார்க்க முடியவில்லை. அறுபது வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் அப்படிக் கூனிக் குறுகி நின்றேன்.

"நீங்க சொன்னது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்" என்றாள். "அண்ணன்னு சொல்லிக்க அப்பாவுக்கு இந்த ஊர்ல நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க."

போய்விட்டாள். இதெல்லாம் நடந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் பெயிண்டரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் என்னை மன்னித்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. நேற்றுக்கூட அவரே போன் செய்தார். வெயில் அதிகமா இருக்கு, வெளிய அலையாதீங்கண்ணே என்று சொல்லிவிட்டு வைத்தார்.